ஆயாவுக்கு ஒரு நாற்காலி

எஸ்டேட் ஊழியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தம்பி மூன்றாவது தடவையாக என் வீட்டுக்கு வந்துவிட்டார். முதல் தடவை வந்தபோதே எனக்கு எரிச்சல். காரணம், அவர் கட்டுரை கேட்கவில்லை, முடிவைக் கேட்டார்.

"ஏனுங்க அய்யா, வெள்ளைக்காரன் நம்மாளுங்கள மேசையில உக்கார வெக்கலை. அதெ நீங்க கண்ணால பாத்தவரு. அப்படியே எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றார்.

கண்ணால் பார்த்தவன்தான். ஆனால் பார்த்ததை எழுதினால் ரெண்டு பக்கத்தில் அடங்காது, அவர் கேட்கும் முடிவும் வராது. இருந்தாலும் எழுதுகிறேன். இதற்கு மேல் அவர் நான்காவது தடவை வந்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன்.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவன். பதினாலு வயதில் சேலத்திலிருந்து மலையேறினேன். ரெண்டு வருஷம் தட்டு கழுவினேன், ஒரு வருஷம் கத்தி தேய்த்தேன், மற்ற வருஷங்கள் பழைய பட்லரிடம் திட்டு வாங்கினேன். அவர் செத்ததும் அவருடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்துத் தைத்து எனக்குப் போட்டார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

ஆனால் அந்த மனிதர் சொல்லிக்கொடுத்தது எதுவும் வீண் போகவில்லை. பதார்த்தத்தை விருந்தாளியின் இடப்பக்கம் நீட்ட வேண்டும், தட்டை வலப்பக்கம் எடுக்க வேண்டும். நீட்டும்போது இடுப்பிலிருந்து குனிய வேண்டும். பாத்திரத்தின் விளிம்பு உட்கார்ந்திருப்பவரின் தோளுக்குக் கீழே போக வேண்டும். "குனியாம வெச்சா அது பரிமாறறது இல்லடா. மாட்டுக்குத் தீனி வெக்கிறது" என்பார். குனியாதவன் முதுகில் கரண்டிக் காம்பு விழும். என் முதுகுக்கு அது நன்றாகத் தெரியும்.

வெளியிடத்தில் விருந்து வைப்பதென்றால் இடம் பார்ப்பதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் உப்புக் குப்பியைத் திறந்து பார். உப்பு கட்டி தட்டியிருந்தால் அங்கே தினசரி துடைப்பவன் இல்லை. அடுத்து, கைதுடைக்கும் துண்டை மோந்து பார். கடைசியாக, அடுப்பிலிருந்து மேசைக்கு நடந்து எத்தனை எட்டு வைக்கிறாய் என்று எண்ணு. ஏற்காட்டுப் பனியில் நாற்பது எட்டுக்கு மேல் போனால் சூப்பின் மேல் ஆடை கட்டிவிடும். இன்றைக்கு ஏரிக்கரையில் புதிதாக ஓட்டல் கட்டுகிறவர்கள் சமையல்கட்டைக் கொண்டுபோய் ஒரு மூலையிலும் சாப்பாட்டு அறையை இன்னொரு மூலையிலும் வைத்துவிட்டு, ஆறிப்போன சாதத்தைக் கண்ணாடி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடச் சொல்கிறார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள்.

எங்கள் துரை மனைவியை இழந்தவர். ஒரே மகள். நாங்கள் மிஸ்ஸியம்மா என்போம். மிஸ்ஸியம்மாவை மூன்று வயதிலிருந்து வளர்த்தது ராமாயி. மாரமங்கலத்துக்காரி, சாமையும் கேழ்வரகும் விதைக்கிற மலைக்குடும்பம். புருஷன் காய்ச்சலில் போனபின் பங்களாவுக்கு ஆயாவாக வந்தவள். அந்தக் குழந்தை முதலில் பேசிய தமிழ் ராமாயியின் தமிழ். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்த பிறகும் "ஏனுங்க பட்லர், பசிக்குதுங்க" என்றுதான் சமையல்கட்டுக்குள் வரும். துரைக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

துரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்துவிட்டு வந்து காலைச் சாப்பாட்டுக்கு உட்காருவார். வேகவைத்த முட்டை ஒன்று, அதற்கான சின்னக் கிண்ணத்தில். அந்த நேரத்தில்தான் எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். முதலில் கணக்கு எழுதுகிற ரைட்டர், பிறகு நான். நிமிர்ந்து பார்க்க மாட்டார். கரண்டியால் முட்டை ஓட்டை ரெண்டு தட்டு தட்டினால் பேசலாம். காலி ஓட்டைக் கிண்ணத்தில் கவிழ்த்துவிட்டால் பேச்சு முடிந்தது. பாதி வாக்கியத்தில் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நகர வேண்டும். அந்த ஓடு கவிழும் சத்தத்தை என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கிறேன்.

வெள்ளைக்காரன் போவதற்குச் சில வருஷம் முன்பு மிஸ்ஸியம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மதராசில் ஒரு கம்பெனியில் வேலை. சித்திரை முதல் வாரத்தில் ஏற்காட்டுக் கல்கோயிலில் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி முதல் நாள் சாயங்காலம் பாதிரியார் எல்லோரையும் கோயிலுக்கு வரவழைத்து, யார் எங்கே நிற்பது, யார் எப்போது நடப்பது என்று ஒத்திகை பார்ப்பார். அது முடிந்ததும் ரெண்டு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பங்களாச் சமையல்கட்டில் மறுநாள் விருந்துக்கான வேலை நடந்துகொண்டிருக்கும் என்பதால் ஒத்திகைச் சாப்பாட்டை வெளியே வைத்துக்கொள்வது என்று முடிவு.

ஒரு நாள் காலை துரை முட்டையை ரெண்டு தட்டு தட்டினார். ஆனால் பேசியது நான் இல்லை, அவர்.

"பட்லர். ஒத்திகைச் சாப்பாடு. பன்னெண்டு பேர். நீ இடம் பாரு. மிஸ்ஸி சொல்றா, ஆயா மேசையிலே உக்காரணும்."

எனக்குச் சரியாகக் காதில் விழுந்ததா என்றே சந்தேகம். "ராமாயிங்களா, துரை? மேசையிலீங்களா?"

"மேசையிலே. மிஸ்ஸி பக்கத்திலே." ஓட்டைக் கவிழ்த்துவிட்டார்.

ஏன் என்னை அனுப்பினார் என்பது பிறகுதான் புரிந்தது. துரையே போய்க் கேட்டு ஒருவன் முடியாது என்றால் அது துரைக்கு அவமானம். பட்லர் கேட்டு முடியாது என்றால் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. ஆகவே நான் பத்து நாள், இருக்கிற வேலையையும் பார்த்துக்கொண்டு, குடையோடு ஏற்காட்டைச் சுற்றினேன்.

முதலில் கிளப். துரைமார்களின் கிளப்பில் உப்பு சுத்தம், துண்டு சுத்தம், அடுப்பிலிருந்து மேசைக்குப் பதினெட்டே எட்டு. செக்ரட்டரி ஒரு ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, என் பக்கமாகப் புத்தகத்தைத் திருப்பி வைத்து விரலால் காட்டினார். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

"ரூல். ஆயா பின்னாலே வராந்தா" என்றார்.

"மிஸ்ஸியம்மா கல்யாணமுங்க. ஒரு வேளைதானுங்க."

"ரூல்" என்றார். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டார்.

அடுத்து ஏரிக்கரை ஓட்டல். அதை நடத்தியது ஒரு வெள்ளைக்கார அம்மா. சிரித்த முகம். "ஓ, ஆயா! எவ்வளவு அழகான யோசனை!" என்று கையைத் தட்டினார். எனக்கு உயிர் வந்தது. உப்பு கட்டி தட்டியிருந்ததைக்கூட மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த அம்மா சாப்பாட்டு அறையின் ஓரத்துக்கு என்னைக் கூட்டிப்போய் ஒரு சின்ன மேசையைக் காட்டினார். அதற்கும் பெரிய மேசைக்கும் நடுவில் பூப்போட்ட திரை.

"திரையைக் கொஞ்சம் திறந்து வெக்கலாம். ஆயா எல்லாரையும் பாக்கலாம்" என்றார்.

எவ்வளவு திறப்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அளந்து காட்டியிருப்பார்.

இதை மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். அதற்குக் கண் சிவந்துவிட்டது. "அப்ப நம்மாளுங்க கடைக்கே போயிரலாமுங்க. கடைவீதி காபி கிளப்புல இலை போட்டுச் சாப்புடலாம். ஆயாவுக்கும் அதுதான் புடிக்கும்" என்றது. மறுநாள் அங்கேயும் போனேன். எனக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

காபி கிளப் ஐயர் அடுப்படியிலிருந்து வேட்டியில் கை துடைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"துரை வரட்டும், தாராளமா வரட்டும், நமக்குப் பெருமைதான். ஆனா உள்ளே ஒக்காத்தி வெக்க முடியாது, பாத்துக்கோ. பின்கட்டுலே தனியா இலை போட்டுடறேன். அந்த ஆயாவும் அங்கேயே ஒக்காந்துக்கட்டும். எல்லாருக்கும் ஒரே எடமா ஆச்சு."

மலையையே ஆள்கிற துரையைக் கொல்லைப்பக்கம் உட்காரவைத்து இலை போடுவது என்பதை நினைத்து நான் தெருவில் நின்று தனியாகச் சிரித்தேன். அந்தப் பத்து நாளில் சிரித்தது அந்த ஒரு தடவைதான். அடுப்பிலிருந்து பின்கட்டுக்கு எண்பத்திரண்டு எட்டு.

இதற்கு நடுவே மாப்பிள்ளையின் தாயார் மதராசிலிருந்து பங்களாவுக்கு வந்து இறங்கிவிட்டார். அவருக்குக் கிளப்தான் வேண்டும். தினமும் என்னைக் கூப்பிட்டு, "பட்லர், கிளப் ஏன் இல்லே?" என்பார். ரூல் என்பேன். "அப்ப ஆயா வேணாம், ரூல் சரிதானே?" என்பார். மிஸ்ஸியம்மா அந்தப் பக்கம் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார். துரையிடம் இதைச் சொல்லலாம் என்று முட்டை தட்டும் நேரம் பார்த்துப் போவேன். ரெண்டு தட்டு, நான் வாயைத் திறப்பேன், ஓடு கவிழும். மகளுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் அந்த வாரம் முட்டையை முன்னைவிட வேகமாகச் சாப்பிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை ராமாயியிடமும் காட்டினேன். "உன்னால எனக்கு எத்தன நடை தெரியுமா? ஒரு வேளைச் சோத்துக்கு மலையே எழவெடுக்குது!"

அவள் மிஸ்ஸியம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "நான் கேக்கலீங்களே பட்லரே. புள்ள ஆசப்படுது. புள்ள கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க" என்றாள்.

பங்களாவில் நான் உட்கார்ந்திருந்தால் ராமாயி நின்றுகொண்டுதான் பேசுவாள். அது யாரும் போட்ட சட்டம் இல்லை. பட்லர் என்றால் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள் கல்கோயிலுக்குக் கீழே ஒரு பழைய போர்டிங் வீட்டுக்குப் போனேன். ஒரு ஆங்கிலோ இந்திய விதவை நடத்திவந்தார். ஓட்டு வீடு, ஆறு அறை. கூரையில் பாசி. துண்டு கிழிந்திருந்தது, ஆனால் துவைத்திருந்தது. உப்பு பொலபொலவென்று கொட்டியது. அடுப்பிலிருந்து மேசைக்கு இருபத்திரண்டு எட்டு, அதுவும் கூரைக்குக் கீழேயே. விஷயத்தைச் சொன்னேன். மறுபடியும் ஒரு திரைக்கோ பின்கட்டுக்கோ தயாராக நின்றேன்.

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "ஆயா காரம் எவ்ளோ சாப்பிடும் பட்லர்?" என்று கேட்டார்.

"மேசையிலேயே உக்காரணுமுங்க" என்றேன், சரியாகப் புரியவில்லையோ என்று.

"மேசையிலே இல்லாம எங்கே? அது காரம் சாப்பிடுமா, அதைச் சொல்லு. நான் தனியா ஒரு கறி பண்றேன்."

ஒன்பது நாளில் ராமாயி என்ன சாப்பிடுவாள் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்குப் பதில் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் ஒரே அடுப்பங்கரையில் வேலை செய்திருக்கிறோம். அவள் குடிசையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவாள், நான் கவனித்ததே இல்லை. நிறைய சாப்பிடும் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தேன்.

விருந்துக்கு முதல் நாள், பத்தாம் நாள், வெள்ளித் தட்டு, துணி எல்லாம் போர்டிங் வீட்டுக்குப் போயிற்று. பெரிய தொடைக்கறி மட்டும் அவர்கள் அடுப்புக்கு அடங்காது, அதைப் பங்களாவில் சுட்டுக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. மேசையில் பன்னிரண்டு நாற்காலி போட்டேன். எந்த விருந்தானாலும் முதல் நாள் வெறும் தட்டோடு ஒரு தடவை சுற்றிவருவது என் வழக்கம். எந்த நாற்காலிக்குப் பின்னால் இடம் நெருக்கம், எங்கே முழங்கை சுவரில் இடிக்கும் என்றெல்லாம் அப்போதுதான் தெரியும். துரையில் ஆரம்பித்து ஒவ்வொரு நாற்காலிக்கும் இடப்பக்கம் போய், குனிந்து, தட்டை நீட்டி, நிமிர்ந்து, அடுத்தது என்று சுற்றினேன். ராமாயி மேசைத் துணிகளை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மிஸ்ஸியம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி கொஞ்சம் சுவரை ஒட்டியிருந்தது, அதில் மட்டும் சற்றுத் தடங்கல். நாளைக்கு நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை துரை முட்டை சாப்பிடும்போது ராமாயி சாப்பாட்டு அறைக்குள் வந்தாள். முட்டை நேரத்தில் ஆயா உள்ளே வந்தது அதுதான் முதலும் கடைசியும். மிஸ்ஸியம்மாவும் இருந்தது, மாப்பிள்ளையின் தாயாரும் இருந்தார். ராமாயி வலது கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"சாமி, நான் மேசைக்கு வர முடியாதுங்க. சேர்வராயன் நோம்பிக்குக் காப்புக் கட்டிட்டனுங்க. காப்புக் கட்டுனா அடுத்த அடுப்புல வெந்தது தொடக்கூடாதுங்க. தெய்வக் குத்தம் ஆயிரும்."

"நோம்பிக்கு இன்னும் நாள் இருக்குதே ஆயா" என்றது மிஸ்ஸியம்மா.

"எங்க ஊருல முன்னாடியே கட்டிருவாங்க கண்ணு."

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம். சேலத்துக்காரனான எனக்கு அது என்ன தெரியும்? மலைக்கோயில் திருவிழா நேரம்தான் துரைமார்களின் சீசன், பங்களா நிறைய விருந்தாளி. நான் ஒரு தடவைகூட அந்தத் திருவிழாவுக்குப் போனதில்லை. மிஸ்ஸியம்மா அவள் தோளில் முகத்தை வைத்து அழுதது. மாப்பிள்ளையின் தாயார், "தெய்வம் பெரிசு, நாம மதிக்கணும்" என்று முதல் தடவையாக ஒரு மலைத் தெய்வத்துக்கு ஆதரவாகப் பேசினார். துரை ஓட்டைக் கவிழ்த்தார், மெதுவாக.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பத்து நாள்! கிளப், ஏரிக்கரை, காபி கிளப், போர்டிங் வீடு, தனியாக ஒரு கறி! வெளியே வந்து அவளைப் பிடித்தேன்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"நேத்துத்தானுங்க கட்டுனேன்" என்றாள்.

அன்றைக்கு எதுவும் உருப்படவில்லை. தொடைக்கறியைச் சுருட்டிக் கட்டுகிற நூல் உருண்டையைக் காணவில்லை. சமையல்காரனைத் திட்டினேன், அவன் தாய்மேல் சத்தியம் செய்தான். கடைசியில் வாழைநாரில் கட்டினோம். நார் அடுப்புச் சூட்டில் கருகி, மேசையில் துரை கத்தியை வைத்ததும் கறி அவிழ்ந்து தட்டு முழுக்கப் பரந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாயார், "கிளப்பிலே இப்படி ஆகாது" என்றார். சரிதான், ஆகாது.

நாற்காலியை எடுக்கக்கூடாது என்று மிஸ்ஸியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் காலி நாற்காலிக்கு முன்னாலும் சூப் வைத்தேன். யாரும் தொடாத சூப்பை வலப்பக்கமாக எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தபோது ராமாயி அங்கே எல்லோருடைய கம்பளிக் கோட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போனேன்.

மறுநாள் கல்யாணம் முடிந்தது. மிஸ்ஸியம்மா மதராசுக்குப் போனது. பிறகு வெள்ளைக்காரர்கள் போனார்கள், எங்கள் துரையும் போனார். எஸ்டேட் கைமாறியது. புது முதலாளிகளுக்கும் நான் பரிமாறினேன், அவர்களைப் பற்றி எழுத இன்னொரு மலர் வேண்டும். ஓய்வு பெற்றேன்.

அவ்வளவுதான் என்றால் செயலாளர் தம்பிக்கு வேண்டிய கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். கிளப் புத்தகம், பூப்போட்ட திரை, எல்லாம் இருக்கிறது. ஆனால் இப்போது ஓய்வில் இருக்கிறேன், போன திருவிழாவுக்கு முதல் தடவையாகப் போனேன். போகிற வழியில் மாரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ராமாயி வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். தலை முழுக்க வெளுத்துவிட்டது, பார்வை மட்டும் கூர்மை.

"பட்லரே! ஏனுங்க, எங்க ஊடு தெரிஞ்சுதுங்களா? உக்காருங்க, உக்காருங்க."

பாயில் உட்கார்ந்தேன். அவள் களி உருண்டையும் அவரைக் குழம்பும் எடுத்துவந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய், "எடப்பக்கந்தானுங்களே?" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள். பல்லே இல்லாத சிரிப்பு.

வாசலில் பிள்ளைகள் கையில் மஞ்சள் கயிறோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். "காப்பு எப்பக் கட்டுனீங்க?" என்று கேட்டேன்.

"எட்டு நாளாச்சுங்க. நோம்பிக்கு எட்டு நாள் இருக்கறப்பத்தான் எப்பவுமே கட்டுவாங்க."

நான் கணக்குப் பார்த்தேன். மிஸ்ஸியம்மாவின் ஒத்திகைச் சாப்பாடு திருவிழாவுக்கு ஒரு மாதம் முந்தி. கையில் எடுத்த களி கையிலேயே இருந்தது.

"அப்ப அன்னிக்கு உன் கையில கெடந்தது?"

"அதுங்களா? உங்க கறி கட்டற நூலுங்க. மஞ்சள்ல முக்கிக் கட்டிக்கிட்டேன்." அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சமையக்காரன நீங்க திட்டறத நடையில இருந்து கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். பாவம் அவன். சாமி என்ன மன்னிச்சிருக்கும்ங்க, அது நம்ம சாமிதானுங்களே."

எனக்கு வந்தது சிரிப்பில்லை. பத்து நாள் அலைச்சலும் அப்படியே திரும்பிவந்து தலைக்கு ஏறியது. "ஏன்? போர்டிங் அம்மா ஒனக்குன்னு தனியா கறி செஞ்சாங்களே! அந்த மதராஸ் அம்மாவுக்குப் பயந்துட்டியா?"

"அந்த அம்மாளுக்கு நான் எதுக்குங்க பயப்படோணும்? நொம்ப ஆசையாத்தான் இருந்தனுங்க. புதுப் பொடவை எடுத்து வெச்சிருந்தேன். புள்ள பக்கத்துல உக்காந்து ஒரு வாய் திங்கோணும்னு எனக்கு மட்டும் இருக்காதுங்களா? அன்னிக்கு எனக்கு நல்ல பசி வேற." பிறகு என்னைப் பார்க்காமல் குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மொத நா நீங்க வெறுந்தட்ட வெச்சுக்கிட்டுச் சுத்தி வந்தீங்க. நான் வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டிருந்தனுங்க. பதினோரு நாக்காலிக்கும் அப்பிடியே குனிஞ்சு குனிஞ்சு வெச்சீங்க. ஆளே இல்லாத நாக்காலிக்கு. என்ற நாக்காலிக்கிட்ட வந்தீங்க. நிமிந்து நின்னபடியே தட்ட நீட்டிப்போட்டு அடுத்ததுக்குப் போயிட்டீங்க."

சுவர் நெருக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மிஸ்ஸியம்மாவின் நாற்காலிக்குப் பின்னாலும் அதே சுவர்தான், அங்கே குனிந்திருக்கிறேன். அவள் காப்புக் கயிற்றைக் காட்டிய காலையில் எனக்கு ஆத்திரம் வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். வந்தது உண்மை. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, இத்தனை வருஷம் அதைத் தொடாமல் வைத்திருந்தேன்: அப்பாடா என்று இருந்தது. அது இருந்ததற்காக இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

"புள்ள முன்னாடி நீங்க அப்பிடி வெச்சிருந்தா அதுக்குத் தாங்காதுங்க. உங்களத் திட்டிப்போடும். உங்களுக்கும் நாலு பேரு முன்னாடி சங்கட்டம். அதுதான் நூலக் கட்டிக்கிட்டேன்" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் போலக் கேட்டாள்: "நெசமாச் சொல்லுங்க பட்லரே. நான் வந்து உக்காந்திருந்தா குனிஞ்சிருப்பீங்களா?"

பத்து நாள் அதே கேள்வியை நான் இந்த மலையில் எல்லோரிடமும் கொண்டுபோயிருந்தேன். கிளப்காரர் புத்தகத்தைக் காட்டினார். ஓட்டல் அம்மா திரையைக் காட்டினார். ஐயர் பின்கட்டைக் காட்டினார். எல்லோரும் ஒரு பதிலைச் சொன்னார்கள். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு களியைப் பிசைந்தவன் நான் ஒருவன்தான்.

அவள் களிப் பானையைத் திறந்தாள். பிறகு எழுந்து வந்து, இடப்பக்கமாகக் குனிந்து, என் தட்டில் இன்னொரு உருண்டை வைத்தாள்.